நாக்கு நீட்டாத தேனீக்கள்

ஒருத்திகூட நாக்கை நீட்டவில்லை.

அவள் மறுபடியும் எலுமிச்சை வாசனையை ஊதினாள். சின்னக் குழாய்களுக்குள் உடம்பு, வெளியே தலை மட்டும்... வரிசையாக நின்ற தேனீக்கள் தேமே என்று இருந்தன.

நேற்று இவை கெட்டிக்காரிகள். வாசனைக்குப் பின்னாலேயே சர்க்கரைத் தண்ணீர் வரும் என்று படித்து, வெறும் வாசனைக்கே நாக்கை நீட்டியவை.

அவள் சோதித்துக்கொண்டிருந்த புதுப் பூச்சிமருந்தைச் சாப்பிட்ட தேனீக்கள் மறந்தால் ஆச்சரியமில்லை. மூளையில் ஒரு நரம்பு அடுத்த நரம்புக்குச் சேதி சொல்ல ஒரு ரசாயனத்தை அனுப்பும். அது போய் உட்கார வேண்டிய இடத்தில் மருந்து முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடும். தேனீ உடனே சாகாது. படித்த பாடம் போய்விடும். பூ மறக்கும், கூட்டுக்கு வழி மறக்கும்.

ஆனால் இவை ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த, ராத்திரி வெறும் சர்க்கரைத் தண்ணீர் மட்டும் குடித்த, மருந்தே தொடாத தேனீக்கள்!

ஃபோன் அடித்தது. ஆராய்ச்சிக்கூடத்தின் டைரக்டர்.

விஷயத்தைச் சொன்னாள். அவர் அலட்டிக்கொள்ளவில்லை. மருந்து சாப்பிட்டதும் மறந்தது, சாப்பிடாததும் மறந்தது என்றால் மருந்தின் மேல் குற்றமில்லை, அப்படியே அறிக்கை கொடுத்துவிடலாம் என்றார்.

அந்த அறிக்கையை வைத்துத்தான் மருந்துக்கு அனுமதி. அப்புறம் வயல் வயலாகத் தெளிப்பார்கள்.

"சார்... யாரோ சர்க்கரைத் தண்ணியில கை வச்சிருக்காங்க."

டைரக்டர் பேச்சை மாற்றினார்.

"தப்பா நெனைக்காதம்மா. உன் வீட்டுக்காரர் எங்க வேலை பார்க்கறார்?"



அந்த மருந்துக் கம்பெனியிலேயேதான். விற்பனைப் பிரிவு. அவளுடைய அண்ணன்கள் வைத்த பெயரே 'மருந்து மாப்பிள்ளை'. தினமும் சாயங்காலம் அவளை அழைத்துப்போக வருவார். அவள் கை கழுவி, உடை மாற்றி வரும்வரை இந்த அறையில்தான் தனியாக உட்கார்ந்திருப்பார்.

அன்று வீட்டில் பால்கனியில் நின்று யாரிடமோ ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார். அவள் தலையைக் கண்டதும் குரலைத் தழைத்தார்... சட்டென்று வைத்துவிட்டார்.

யாரு என்று கேட்டாள். ஆபீஸ் விஷயம் என்றார். பிறகு, தேனீக்களின் பரீட்சை எப்படிப் போகிறது என்று விசாரித்தார். தினமும் கேட்கிற கேள்விதான். இன்று முள்ளாகக் குத்தியது.

இந்த மனுஷனா...?

மறுநாள் புதிதாகச் சர்க்கரைத் தண்ணீர் கலந்து இரண்டு பாட்டில்களில் ஊற்றி, ஒன்றை ஆராய்ச்சிக்கூட ஃப்ரிட்ஜிலும் மற்றதை இரும்பு பீரோவிலும் வைத்தாள். சோதனையை முதலிலிருந்து செய்யப்போவதாகக் கணவரிடம் சொன்னாள். பாட்டில் ஃப்ரிட்ஜில் இருப்பதையும் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவைத்தாள். டைரக்டரிடமும் அதையே சொன்னாள்... ஆனால் பாட்டில் இரும்பு பீரோவில் இருப்பதாக.

ஒரு நாள் விட்டு, மருந்து தொடாத தேனீக்களுக்குப் பாடம் நடத்தி, ஒரு கூட்டத்துக்கு ஃப்ரிட்ஜ் தண்ணீர், இன்னொரு கூட்டத்துக்கு பீரோ தண்ணீர் என்று பிரித்துக் கொடுத்தாள்.

விடிந்ததும் வாசனையை ஊதினாள்.

ஃப்ரிட்ஜ் தண்ணீர் குடித்தவை... எல்லாம் டக் டக்கென்று நாக்கை நீட்டின!

பீரோ தண்ணீர் குடித்தவை முழித்துக்கொண்டு நின்றன.

அவள் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தாள். முதலில் வந்தது கோபமில்லை. அழுகை.

பீரோ பாட்டிலை வெளியே ஒரு பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பினாள். மருந்து கலந்திருந்தது உறுதியானது. அனுமதிக் குழு விசாரித்தபோது டைரக்டர் முதலில் குதித்தார், பிறகு குழைந்தார், கடைசியில் ஒப்புக்கொண்டார். ஓய்வுக்குப் பிறகு அந்தக் கம்பெனியில் ஆலோசகர் நாற்காலி தருவதாகச் சொல்லியிருந்தார்களாம். போலீஸ் ஜீப்பில் ஏறும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மருந்துக்கு அனுமதி கிடைக்கவில்லை.

சாயங்காலம் காரில் கணவர் மெதுவாக ஆரம்பித்தார்.

"நான் வேலையை விட்டுட்டேன். வேற கம்பெனி பேசி முடிச்சாச்சு. என்னால உன் அறிக்கைய யாரும் சந்தேகப்படக் கூடாது பாரு... அதான் ஃபோன்ல ரகசியமா பேசினேன்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவர் கொஞ்ச தூரம் ஓட்டினார். பிறகு நெற்றியைச் சுருக்கினார்.

"ஆமா... டைரக்டர்கிட்ட பீரோன்னு சொன்னே, சரி. என்கிட்ட எதுக்கு ஃப்ரிட்ஜுன்னு சொன்னே?"

அவள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள்.

"அப்படியா சொன்னேன்? ஒண்ணுமே ஞாபகம் வரலீங்க... எல்லாம் உங்க பழைய கம்பெனி மருந்தோட வேலை!"