சைபர் லாரி

மழைக்கு ஒதுங்க ஓடி வந்தவனும் பஸ்ஸைப் பிடிக்க ஓடியவளும் மண்ணூர்பேட்டை நிறுத்தத்தில் மோதிக்கொண்டார்கள். நாகவல்லியின் கையிலிருந்த கம்ப்யூட்டர் பஞ்ச் கார்டுகள் சிதறின.

“கண்ணு இன்னா பொடனியிலயா கீது?”

“கோச்சுக்காதீங்க... பொறுக்கித் தரேன்.”

நனைந்துகொண்டே ஒவ்வொரு கார்டையும் கைக்குட்டையால் ஒற்றி, வரிசை பார்த்து அடுக்கினான். மேல் கார்டில் அவள் பெயர் எழுதியிருந்தது. அவன் இமைகளில் மழைத்துளிகள்... அவள் சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

தொழிற்பேட்டைக் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதப் பழகுகிறாள். சரக்கின் எடைக்கு எத்தனை லாரி வேண்டும் என்ற கணக்கு அது. நாளைக்குள் சரியாகாவிட்டால் மறுபடி கார்டு குத்தும் வேலைதான்.

“லாரி சைபர்னு வருதா?”

“அடுத்தவங்க கார்டை எதுக்குப் படிக்கிறீங்க?”

“அடுக்கச்சொல்ல கண்ணுல பட்டுச்சு. நானும் பக்கத்துக் கம்பெனியில இதே வேலைதான், ஆனந்தன். மெயின் புரோகிராம்லயும் எடைன்னு பேரு, அது கூப்புடற குட்டி புரோகிராம், சப்ரூட்டீன்லயும் அதே பேரு. ஆனா ரெண்டும் வேற ஆளுங்க. மேனாம்பேட்டு எல்லம்மா சாப்ட்டா நசரத்பேட்டை எல்லம்மாவுக்கு வயிறு ரொம்புமா? கூப்புடற வரியில பிராக்கெட் போட்டு எடையைக் குடுத்தனுப்புங்க. அங்க வாங்கிக்கவும் ஒரு பிராக்கெட் வேணும்.”

“எனக்குத் தெரியும்!” வெடுக்கென்று பஸ் ஏறினாள். உண்மையில், பெயர் ஒன்றானால் போதும் என்றுதான் நினைத்திருந்தாள்.

மறுநாள் வீம்புக்கு அதே கார்டுகளை மெஷினில் போட்டாள். ஒன்றுகூடச் சிக்காமல் உள்ளே போயின. அவன் துடைத்த கார்டுகள்... விடை மட்டும் சைபர். பத்து டன் சரக்குக்கு லாரியே வேண்டாமாம்!

‘தாயே, நல்ல மனசு செய்த உதவியை உதறிட்டேனே...’

அவன் சொன்னபடி பிராக்கெட் போட்டு இரண்டு கார்டுகளைப் புதிதாகக் குத்தினாள். பிரிண்டர் படபடத்தது. லாரி இரண்டு! மேலாளர் சம்பத் சார் தலையசைத்தார். “இனிமே உன் வேலை இங்கதாம்மா.”

மாலையில் அவன் நிறுத்தத்தில் நின்றிருந்தான்.

“இன்னா, லாரி வந்துச்சா?”

“ரெண்டு வந்துச்சு!” சிரித்தவள் தலை குனிந்தாள். “நேத்து எரிஞ்சு விழுந்துட்டேன்... மன்னிச்சுக்கோங்க.”

பஸ் வந்தது. போயும் விட்டது.

“ஏறலியா நீங்க?”

“குடுத்தனுப்பினாத்தான் அந்தாண்ட போய்ச் சேரும்னு நீங்கதானே சொன்னீங்க...” அவனை நேராகப் பார்த்தாள். “நேத்துலேர்ந்து உங்க நெனப்பாவே கீது. சொல்லிட்டேன்.”

ஆனந்தன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். மழையே இல்லை.

“ஊருக்கெல்லாம் பாடம் சொன்னேன்... நான்தான் பிராக்கெட் போடாம நின்னுகினு கீறேன். எனக்கும் அதே நெனப்புதான் நாகவல்லி.”