பரணில் ஒழுகிய விளக்கு

அண்ணன் ராஜாக்கண்ணு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. திருப்பத்தூரில் விளக்கும் மைக்செட்டும் வாடகைக்கு விடுகிறவன். மலைக்கு வருவதென்றாலே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். அன்றைக்கு என்னவோ, விளக்கு ஒழுகுகிறது என்று நான் சொல்லி அனுப்பிய மறுநாளே வந்து நின்றான்.

“இன்னா திரௌபதி, அந்த வௌக்கு ஒழுவுதாமே?”

“பரண்ல பாருண்ணா.”

அவன் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை.

எங்கள் ஊரில் கரண்டு கம்பம் நட்டுவிட்டுப் போனவர்கள் கம்பி இழுக்க இன்னும் வரவில்லை. கல்யாணமோ கூத்தோ, பெட்ரோமாக்ஸ்தான். அண்ணன் கடை விளக்குகளைத் தலையில் சுமந்து நடந்தவர் என் வீட்டுக்காரர் வீரன். போன தை மாதம் ஒரு பெண்ணழைப்புக்கு முன்னால் நடந்தவர் தலையிலேயே விளக்கு தீப்பிடித்து, காட்டுப் பாதையில் எரிந்துபோனார். ‘குடித்துவிட்டுக் கண்மண் தெரியாமல் காற்று அடித்தான், விளக்கு என்ன செய்யும்’ என்று ஊர் கூடிய இடத்தில் அண்ணன்தான் சொன்னான். கூடப்பிறந்தவன் சொன்னால் நம்பத்தானே வேண்டும்? அந்தக் கோபத்தில் நான் அவருக்கு ஒரு படையல்கூடப் போடவில்லை. குடித்துச் செத்த மனுஷனுக்குச் சோறு ஒரு கேடா என்று இருந்துவிட்டேன்.

கருகிய விளக்கைப் பரணில் ஏற்றி வைத்திருந்தேன். தொட்டியில் எண்ணெய் கிடையாது. ஆனாலும் வருஷம் திரும்புகிற நேரத்தில் அது ஒழுக ஆரம்பித்தது. நான் பாய் விரிக்கிற இடத்திலேயே சொட்டியது. பாயை நகர்த்தினேன். சொட்டும் நகர்ந்தது.

“காயலான் கடையில போட்டுட்லாம். குடு, நான் எடுத்துட்டுப் போறேன்” என்றான் அண்ணன். இவ்வளவு அவசரமாக அவன் மலையேறியது இதற்குத்தானோ என்று அப்போதுதான் எனக்குப் பட்டது.

“நானே பிரிக்கிறேன். அவரு பிரிக்கிறப்பல்லாம் பக்கத்துல குந்திப் பார்த்தவதானே.”

“வேணாம்மா.”

விளக்கை இறக்கி வாசல் வெளிச்சத்தில் வைத்தேன். முதலில் காற்றைத் திறந்துவிட வேண்டும், அப்புறம்தான் வால்வில் கை வைக்க வேண்டும் என்று அவர் எப்போதும் சொல்வார். காற்றுத் திருகைத் தளர்த்தினேன்.

புஸ்ஸென்று காற்று வந்தது.

அவர் போனதிலிருந்து யாரும் பம்ப்பைத் தொடாத விளக்கு.

காற்று நிற்கவில்லை. மூச்சை அடக்கி வைத்திருந்த ஆள் மெதுவாக விடுவதைப்போல வந்துகொண்டே இருந்தது. அது அடங்கும்வரை வெளியே ஒரு பூச்சிகூடக் கத்தவில்லை.

வால்வின் கழுத்தில் இருந்த நட்டை ஸ்பேனரால் கழற்றினேன். ஒழுகினால் அதற்குள் இருக்கிற பழைய நூலைச் சுரண்டி எடுத்துவிட்டு, புது நூல் சுற்றி இறுக்க வேண்டும். அதுதான் வழி. உள்ளே நூல் இல்லை. சிவப்பாக ஏதோ அப்பியிருந்தது. விரலால் தொட்டேன்.

சோப்பு.

நெருப்பில் வெந்த விளக்கில், அது மட்டும் ஈரமாக இருந்தது.

அதன்மேல் ஒரு கட்டை விரல் அழுத்திய தடம். தடத்தின் நடுவே குறுக்காக ஒரு கோடு. சின்ன வயதில் கரும்பு வெட்டும்போது அண்ணனுடைய கட்டை விரல் பிளந்தது. நான்தான் துணி சுற்றிவிட்டேன். அந்த வடு எனக்குத் தெரியாதா?

“ஒழுவுதுன்னு அவரு கடைக்கு எடுத்தாந்தாரா?” என்று கேட்டேன்.

அவன் நிலைப்படியைப் பார்த்துக்கொண்டிருந்தான். “முகூர்த்த நாளு. நூலு தீர்ந்துபோச்சி. சோப்பு வெச்சா ஒரு ராத்திரி தாங்கும்னு...”

“சூடு ஏறினா சோப்பு உருகி எண்ணெ கசிஞ்சி தீப்புடிச்சிடும்னு ஒனக்குத் தெரியாதா?”

அவன் துண்டால் முகத்தைத் துடைத்தான்.

“அவருகிட்ட இன்னா சொன்னே?”

“புது நூலு சுத்திட்டேன் மாப்ளன்னு சொன்னேன்.”

“அவரு குடிச்சாரா?”

தலையை ஆட்டினான். இல்லை என்று.

கடையின் பேருக்காக என் புருஷனைக் குடிகாரனாக்கினான். அது போதாதென்று, என் கையாலேயே அவரைப் பட்டினி போட வைத்தான். “போயிடுண்ணா” என்று மட்டும் சொன்னேன்.

கடைசி பஸ்ஸுக்காக இருட்டில் சரிவு இறங்கினான். நான் அவருடைய தகர டப்பாவிலிருந்து நூலை எடுத்து, சோப்பை வழித்தெறிந்து, நன்றாகச் சுற்றி நட்டை இறுக்கினேன். கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது கீழே பாதையில் வெளிச்சம் தெரிந்தது.

பெட்ரோமாக்ஸ் வெளிச்சம்.

தலையில் சுமந்தால் எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தில், அண்ணனுக்குச் சற்றுப் பின்னால், ஆடாமல் வந்தது. அண்ணன் நின்றான். அதுவும் நின்றது. அவன் ஓடினான்.

என் காலடியில் இருந்த விளக்கு கரியாக, குளிர்ந்து கிடந்தது.

நான் அவனைக் கூப்பிடவில்லை. உள்ளே போய்ச் சாமைச் சோறு வடித்து, விளக்கின் முன்னால் படையல் வைத்து அழுதேன்.

புளி உலுக்குகிற சமயத்தில் அண்ணி மங்கம்மாள் ஆள் அனுப்பியிருந்தாள். அண்ணன் அடுப்புப் பக்கமே வருவதில்லையாம். பீடியைக்கூட விட்டுவிட்டானாம். தலையிலிருந்து மண்ணெண்ணெய் சொட்டுகிறதாம். எவ்வளவு சோப்பு போட்டுக் குளித்தாலும் நிற்கவில்லையாம்.

என் வீட்டு விளக்கு அதற்கப்புறம் ஒழுகவில்லை.