நடு சீட்

ரெண்டாவது கியர் விழவில்லை.

மெக்கானிக் மெர்வின் மறுபடியும் கிளட்சை மிதித்து, காரின் தரையிலிருந்து புதிதாக நீட்டிக்கொண்டிருந்த கியர் கம்பியைப் பின்னால் இழுத்தார். முதல் கியருக்குச் சத்தமே இல்லாமல் முன்னால் போன கம்பி, பின்னால் வரும்போது பாதி வழியில் நின்றது. இரும்பில் முட்டினால் டக்கென்று கேட்கும். பல் சிக்கினால் கறகறக்கும். இது இரண்டும் இல்லை. மெத்தென்று எதிலோ பட்டு நின்றது.

வண்டி ஸ்ரீவில்லிபுத்தூர் பாஷ்யம் சாருடையது. ஸ்டீயரிங் பக்கத்திலேயே கியர் வைத்த காலத்துப் பழைய அம்பாசடர். "இடது தோளைத் தூக்க முடியலை மெர்வின். கியரைக் கீழே மாத்திக் குடுத்துடுங்கோ" என்று சொல்லி, ராஜபாளையத்தில் இருக்கும் மெர்வினின் ஷெட்டில் விட்டுப் போயிருந்தார். உடைசலுக்கு வந்த இன்னொரு அம்பாசடரின் கியர்பாக்ஸைக் கழற்றிப் பொருத்தி, தரையின் நடுவில் தகரத்தை வெட்டி, கம்பிக்கு ரப்பர் உறை மாட்டி, ஸ்டீயரிங்கில் இருந்த பழைய கைப்பிடியை எடுத்தாகிவிட்டது. முடிந்தது என்று நினைத்துக் கை கழுவப் போகிற நேரத்தில்தான் இது.

அவருக்கு எரிச்சல்கூட வரவில்லை. எரிச்சல் படவும் தெம்பு வேண்டும். மகள் ஜூடி பிரசவத்துக்கு வந்து, பிள்ளை பிறந்து, வீட்டில் ஒருவரும் சரியாகத் தூங்கி நாளாயிற்று. கண்ணுக்குள் மணல் போட்ட மாதிரி இருந்தது.

முன் சீட்டைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு இழுத்துப் பார்த்தார். நாலு கியரும் விழுந்தன. கம்பி சீட்டில்தான் இடிக்கிறது என்று தீர்மானித்து, அதைச் சூடுகாட்டிக் கொஞ்சம் முன்னால் வளைத்தார். சீட்டைத் திரும்ப மாட்டினார். அது மூன்று பேர் சேர்ந்து உட்காரும் ஒரே நீள சீட். கம்பிக்கும் சீட்டுக்கும் நடுவில் உள்ளங்கையை நுழைத்தார். தாராளமாக இடம் இருந்தது. இழுத்தார்.

மெத்தென்று நின்றது.

குனிந்து பார்த்தபோது ஈர வாடை வந்தது. மழையில் நனைந்து, காயாமலே மடித்து வைத்த துணியின் வாடை. ரெக்சின் உறை காய்ந்துதான் இருந்தது. ஆனால் சீட்டின் நடுப்பகுதி, யாரோ நெடுங்காலம் உட்கார்ந்து பழகியது போலக் குழிந்திருந்தது. ஓட்டுகிறவர் இடம்கூட அவ்வளவு குழியவில்லை.

வண்டியை விட வந்த அன்று பாஷ்யம் சாரின் மனைவி பங்கஜவல்லியும் முன்னால்தான் உட்கார்ந்து வந்தார். ஒல்லியான அம்மா. கதவோடு கதவாக ஒட்டி, ஒரு தோளைக் கண்ணாடியில் அழுத்திக்கொண்டிருந்தார். "உள்ள தள்ளி உக்காருங்கம்மா, கதவு லாக்கு அம்புட்டு நல்லா இல்ல" என்று மெர்வின் சொன்னதற்கு, "இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னார். அப்போது அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

போன் அடித்தது. மனைவி செலினா.

"எப்ப வாரீங்க? பிள்ளைய செத்த நேரம் நீங்க வாங்கி வச்சுக்கிட்டா ஜூடி கண்ணசருவா."

"வண்டிய விட்டுட்டு பஸ்ல வந்துருதேன். ஓட்டுனா சரியாயிரும்னு நெனைக்கேன்."

மேற்கே மலையை மேகம் முழுக்க மூடியிருந்தது. விளக்கு போடவும் வேண்டாத, போடாமலும் முடியாத வெளிச்சத்தில் அவர் மெயின் ரோட்டில் ஏறினார். முதல் கியரிலேயே வண்டி முக்கிக்கொண்டு போனது. பின்னால் வந்த லாரி ஹாரனை விடாமல் அடித்தது. நூல் மில்லின் சுவர் முடிந்து, தென்னந்தோப்புகள் தொடங்கி, ரோடு ஆளில்லாமல் கிடந்த இடத்தில், இனி இந்த வேகத்தில் போக முடியாது என்று கிளட்சை மிதித்துக் கம்பியைப் பிடித்து இழுத்தார். நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு, தோளையும் சேர்த்து இழுத்தார்.

எதிரே இருந்தது வழி விட்டது.

மெதுவாக. இடம் கொடுப்பது போல. சீட்டின் ஸ்பிரிங் இடப்பக்கமாக முனகியது. கம்பியைப் பிடித்திருந்த புறங்கையில் ஈரத் துணி உரசியது. துணிக்குள்ளே ஒரு முழங்கால். குளிர்ந்த, எலும்பான முழங்கால்.

ரெண்டாவது விழுந்தது.

மெர்வின் திரும்பிப் பார்க்கவில்லை. பார்வையை ரோட்டிலேயே வைத்துக்கொண்டார். மூணாவது. நாலாவது. எல்லாம் விழுந்தன. ஒவ்வொரு தடவையும் அந்தக் கால் தன்னை இன்னும் கொஞ்சம் ஒடுக்கிக்கொண்டது. இஞ்சின் சத்தத்துக்குக் கீழே மூச்சு கேட்டது. கோபமான மூச்சு இல்லை. நெடுந்தூரம் நடந்து வந்தவர் விடுகிற மூச்சு. அவருடைய மூச்சைப் போலவே இருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் வீட்டு வாசலில் இருவரும் காத்துக்கொண்டிருந்தார்கள். வண்டி நின்றதும் பக்கத்தில் வரவில்லை. மெர்வின் கதவைத் திறந்து இறங்கினார். அவருக்குப் பின்னால் சீட்டின் ஸ்பிரிங் ஒரு தடவை அழுந்தி, எழும்பியது.

"கியரெல்லாம் விழறதா?" என்றார் பாஷ்யம்.

"விழுது."

"நாலும்?"

"நாலும் விழுது சார். நடுவுல என்ன சார் இருந்துச்சு?"

கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் மெர்வினுக்கு வலப்பக்கம், தோளுக்குச் சற்று மேலே பார்த்தார்கள். பிறகு பாஷ்யம் வேகமாகச் சுற்றிப் போய் வண்டியில் ஏறி, சீட்டின் நடுவில் உட்கார்ந்தார். கியர் கம்பிக்கு இரண்டு பக்கமும் காலை விரித்துப்போட்டு, இரண்டு கைகளையும் சீட்டின் சாய்மானத்தின் மேல் நீட்டினார். தூக்க முடியாது என்று சொன்ன இடது கையைத் தோளுக்கு மேலே தூக்கித்தான் நீட்டினார். அவர் முகம் கோணி, பாரம் இறங்கியவர் போல அழுகை வந்தது.

பங்கஜவல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"கால் வைக்க இடமில்லாமப் போனா எழுந்துடும்னு நெனச்சோம்" என்றார். "எங்கே போகும்னு நெனைக்கலை. எங்களை மன்னிச்சுடுங்கோ."

இன்னும் கேட்டால் பதில் வரும் என்று மெர்வினுக்குப் பயமாக இருந்தது. சாவியை நடையில் வைத்துவிட்டு பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தார். கடைவீதியில் பால்கோவா காய்ச்சும் மணம் அடித்தது. அதற்குள்ளும் ஈர வாடை.

தென்காசி பஸ்ஸில் கூட்டம். மூவர் சீட்டில் ஓரத்து இடம் ஒன்று கிடைத்து உட்கார்ந்தார். ஜன்னல் பக்கம் ஒரு வாலிபன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். நடு இடம் காலி. பஸ் கிளம்பியது. ஆட்கள் படிவரைக்கும் தொங்கிக்கொண்டு நின்றார்கள். கைப்பிள்ளையோடு ஒரு பெண் அந்த இடத்தைப் பார்த்து வந்தாள். கிட்டே வந்ததும் முகத்தைச் சுளித்து, "ஆளு இருக்கா" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு நகர்ந்து போனாள்.

மெர்வின் அவளைக் கூப்பிடவில்லை.

வாலிபன் போனிலிருந்து கண்ணை எடுக்காமலே ஜன்னலோடு ஒட்டிக்கொண்டான். தானும் பாதித் தொடை வெளியே தொங்க ஓரத்தில் உட்கார்ந்திருப்பதை மெர்வின் அப்போதுதான் உணர்ந்தார். எப்போது நகர்ந்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

செலினா கூப்பிட்டாள். பின்னால் பிள்ளையின் அழுகை கேட்டது.

"எங்க வாரீங்க?"

அவர் வாயைத் திறந்தார்.

"லேட்டாகும்" என்றார். "கதவப் பூட்டிக்கோங்க. யாரு தட்டுனாலும் தொறக்காதீங்க. நானே தட்டுனாலும்."

"என்னங்க பேசுதீங்க?"

போனை அணைத்தார்.

ராஜபாளையம் வந்தது. அவர் இறங்க வேண்டிய இடம். "இறங்குறவங்க முன்னாடி வாங்க" என்று கண்டக்டர் குரல் கொடுத்தார். பாதிக் கூட்டம் இறங்கியது. வாலிபனும் தாண்டி இறங்கிப் போனான். மெர்வின் முன் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். அவருடைய தெரு கண்ணாடிக்கு வெளியே வந்து, நின்று, பின்னால் போனது.

விசில். பஸ் நகர்ந்தது. ஊர் விளக்குகள் குறைந்தன. சேத்தூர் தாண்டியது. உள் விளக்கை அணைத்தார்கள்.

ஜன்னல் இடம் இப்போது காலி. பக்கத்தில் இருந்தது அங்கே நகரவில்லை.

மூச்சு சீரானது. கனத்தது. உறங்குகிறவர் மூச்சு.

பிறகு, நனைந்த முடியுள்ள ஒரு தலை சாய்ந்து, மெதுவாக, முழுக் கனத்தோடும் அவர் தோளில் வந்து அமர்ந்தது.