தக்காளிக் கொடியில் ஒரு கிளிப்

“கொடி கேட்டீங்க, கொடி குடுத்தேன். கிளிப்பைப் பத்தி யாரு சொன்னா?”

“சோறு கேட்டா கல்லோட போடுவீங்களா?”

அட்டைப் பட்டறை வாசலில் எழுந்த இரண்டு குரலும் தெருமுனை வரை கேட்டன. நான் ஒன்றும் காது கொடுக்கவில்லை. எதிர்வீட்டில் என் ஜன்னல் திறந்திருந்தது, அவ்வளவுதான்.

அவன் பசுமைக்குடிலில் தக்காளி வளர்ப்பவன். காய்ப்பு ஓய்ந்த கொடிகளை வண்டி வண்டியாகக் குப்பைமேட்டில் கொட்டுவான். அவள் அந்தக் கொடியைக் கூழாக அரைத்துப் பழப்பெட்டிக்கு அட்டை செய்யப் பார்ப்பவள். முதல் வண்டியிலேயே வினை. கொடியைக் கயிற்றோடு பிடித்து நிறுத்தும் பிளாஸ்டிக் கிளிப்புகள்... நூற்றுக்கணக்கில்... அரவை இயந்திரத்தின் பல்லை உடைத்துவிட்டன. மாதக் கடைசிக்குள் மாதிரி அட்டை தேறாவிட்டால் பட்டறைக்குப் பூட்டு, அவளுக்கு அக்கா ஊருக்குப் பயணம் என்பது அவள் அப்பாவின் உத்தரவு. பூட்டைக்கூட வாங்கி வைத்திருந்தார், மனிதர்.

உங்கள் கொடியே வேண்டாம் என்றாள். எனக்குக் குப்பைமேடு இருக்கிறது என்றான். அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. ஒரே கூரை... ஆளுக்கொரு மூலை. அவள் இமையில் ஒரு துளி தொங்கிக்கொண்டே இருந்தது. விழுமா, விழாதா என்று அவன் பார்த்துக்கொண்டே நின்றான்... மழை விட்ட பிறகும்.

ஆறு நாள் இருவருக்கும் வீம்பு. இயந்திரத்துக்குப் பல் மாற்றியாயிற்று, அரைக்கத்தான் ஒன்றுமில்லை. ஏழாம் நாள் தூறலில் மூட்டைகளோடு அவனே வந்து நின்றான். அவள் கொட்டிக் கிளறினாள். ஒரு கிளிப்கூட இல்லை. ஆள் வைத்துப் பொறுக்கினீர்களா என்று கேட்டதற்கு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். எட்டிப் பார்த்தால்... பத்து விரலும் கரும்பச்சை. தக்காளிக் கொடியின் கறை, எத்தனை சோப்புக்கும் அசையாது. அவள் கொடியை அள்ளி இயந்திரத்தில் போட்டாள்.

மாதிரி அட்டை தேறியது. பூட்டு அலமாரியிலேயே கிடந்தது.

வேடிக்கை அதற்குப் பிறகுதான். வாராவாரம் வந்த மூட்டைகளில் சரியாக ஒரே ஒரு கிளிப். அதை உள்ளங்கையில் மூடிக்கொண்டு சண்டை போட அவள் குடிலுக்கு நடப்பாள். சண்டைக்குப் போகிறவளுக்கு இஸ்திரி போட்ட உடுப்பு எதற்கு என்று நான் யாரிடம் கேட்பது?

ஐந்தாவது கிளிப்பை நீட்டியபோது அவன் வாங்கவில்லை. கூரைமேல் மழை மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது.

“நான்தான் வேணும்னே ஒண்ணு விட்டேன்... நீங்க திட்ட வருவீங்கன்னு.”

அவள் கண்கள் தரையை விட்டு எழவில்லை.

“தெரியும். மூட்டையைக் கொட்டினதும் அதைத்தான் முதல்ல தேடுவேன்... போன வாரம் கிடைக்க ரொம்ப நேரமாச்சு. பயந்தே போயிட்டேன்.”

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். தக்காளி வாங்கப் போயிருந்தேன்.

கல்யாணப் பத்திரிகை அவர்கள் அட்டையிலேயே வந்தது. மூலையில் ஒரு பிளாஸ்டிக் கிளிப். பூட்டை மகளிடமே கொடுத்துவிட்டு, அவளுக்குப் பதிலாக அக்கா ஊருக்குக் குடிபோனவர், அப்பாதான்.