இடது ஓரம்

மேலங்கி சொட்டிக்கொண்டிருந்தது.

ஓராண்டாக மாடி அறையின் ஆணியில் தொங்கும் கருப்புக் கம்பளித் துணி அது. வெளியே ஆகஸ்டு வெயில் போர்ச்சுகலின் கோயிம்ப்ரா நகரக் கல்படிகளை வறுத்துக்கொண்டிருந்தது. ஓட்டின் சூடு உள்ளே இறங்கி, பழைய புத்தகமும் மெழுகும் கலந்த வாடையாக மூச்சை அடைத்தது. அந்தப் புழுக்கத்திலும் துணியின் அடியில் ஒவ்வொரு சொட்டாகத் திரண்டு, தயங்கி, பலகைத் தரையில் விழுவதை எவரிஸ்தோ கைத்தடியை ஊன்றியபடி பார்த்து நின்றார்.

"தண்ணி எதுவும் ஊத்தினீங்களா?"

மாணவர்களுக்கு அறை விடும் வீட்டுக்காரி இதலினா இடுப்பில் கை வைத்தாள். "படிக்கிற புள்ளைங்க மேலங்கியத் துவைக்கவே கூடாதே, யாராவது நனைப்பாங்களா ஐயா? துடைச்சுத் துடைச்சு எனக்குக் கைதான் தேஞ்சுது. ஆத்துத் தண்ணி அது. மோந்து பாருங்க."

அவர் மோந்து பார்க்கவில்லை. படகுத்துறையில் அந்த மேலங்கியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுத்தான் அவர் மகன் துவார்த்தே மொண்டேகோ ஆற்றில் இறங்கினான். உயிரோடு கரையேறவில்லை. துணியில் அன்று ஒரு துளி ஈரம் படவில்லை.

படிப்பு முடிக்கும் நாளில் வேண்டியவர்கள் மேலங்கியின் ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழிப்பது இந்த ஊர் வழக்கம். வலது ஓரம் நண்பர்களுக்கு. இடது, பெற்றவர்களுக்கு. வரச் சொல்லி துவார்த்தே மூன்று கடிதம் எழுதினான். சட்டம் படிக்க அனுப்பிய பிள்ளை, கிதார் வாசித்துப் பிழைக்கப் போகிறேன் என்றும் அதில் எழுதியிருந்தான். நான்கு தலைமுறை நீதிபதிகள் இருந்த வீட்டிலிருந்து யாரும் போகக் கூடாது என்றார் எவரிஸ்தோ. யாரும் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவருடைய ஊர்க் கோயிலில் துவார்த்தேயின் ஆண்டு நினைவுப் பூசை. பீடத்தின் முன் மேலங்கியை விரிக்க வேண்டும். ஊரே பார்க்கும். வலது ஓரம் நார்நாராகத் தொங்கியது. இடது ஓரம் வாங்கிய நாளின் தையலோடு இருந்தது.

"கத்தரி இருக்கா?"

இதலினா இடது ஓரத்தைப் பார்த்தாள். பிறகு அவரை. "அப்பன் வந்து கிழிச்சாருன்னு ஊருக்குக் காட்டவா? கத்தரி வெட்டு பளிச்சுன்னு தெரியும். பல்லு இருக்குல்ல?" சிரித்தவள் சட்டென்று நிறுத்தினாள். "படிப்பு முடிச்ச அன்னைக்குப் பூரா இந்த ஜன்னல்லயே நின்னான். ரயில் லேட்டு, அப்பா வந்துருவாரு, ரயில் லேட்டுன்னே சொல்லிட்டிருந்தான்."

அவள் படியிறங்கும் சத்தம் தேய்ந்து நின்றது.

எவரிஸ்தோ கதவைச் சாத்தினார். தாழிட்டார். மேலங்கியை ஆணியிலிருந்து தூக்கினார். ஓர் ஆளின் கனம் இருந்தது. யார் முன்னும் குனியாத தலையைக் குனிந்து, இடது ஓரத்தைப் பல்லிடுக்கில் வைத்துக் கடித்தார். வாய்க்குள் சேறும் பாசியும் சில்லென்று இறங்கின. இழுத்தார்.

கிழிந்தது. நீளமான சத்தம்.

நிம்மதியாக வாயை எடுத்தார். இடது ஓரம் முழுசாக இருந்தது.

தன் நெஞ்சைப் பார்த்தார். அவருடைய கோட்டின் இடப்பக்கம் ஒரு சாண் நீளம் கிழிந்து, நனைந்து தொங்கியது. ஓரத்தில் பல் தடம். வரிசையில் ஒரு முன்பல் பாதிதான் பதிந்திருந்தது. துவார்த்தே ஏழு வயதில் படியில் விழுந்து உடைத்துக்கொண்ட பல்.

மாணவர்கள் 'ஆடு' என்று பட்டப்பெயர் வைத்து வையும் பல்கலைக்கழகக் கோபுர மணி அடித்தது. நான்கு மணி ரயிலுக்குக் கிளம்ப வேண்டிய நேரம். கதவு இரண்டே எட்டில் இருந்தது.

அவர் நகரவில்லை.

மறுபடி சத்தம். சட்டை.

காலர் எலும்பில் ஈர மூச்சு. குளிர்.

"வந்துட்டேன்டா," என்றார். "லேட்டாயிடுச்சு."

கைத்தடியைச் சுவரில் சாய்த்தார். முதுகை நிமிர்த்தினார். கிழிந்த சட்டையை இரு கையாலும் விலக்கி, இடப்பக்கத்தைக் காட்டி நின்றார்.

அங்கே துணி இல்லை.

மூன்றாவது சத்தம்.

பலகைத் தரையில் இப்போது இரண்டு இடத்தில் சொட்டியது.