மெமோ நம்பர் நாற்பத்தொன்று

"ஐயோ... முதலாளி!"

டைப்பிஸ்ட் பெண்ணின் அலறலில் மில்லே நின்றது.

மணி பதினொன்று. முதலாளி மேஜை மேல் கவிழ்ந்து கிடந்தார். கழுத்தில் கறுப்பு ஒயர்!

ஒயர் என்றால் எலக்ட்ரீஷியன். மேனேஜருக்கு அது போதும். அவனை இழுத்துப் போய்த் தன் அறைக்குள் தள்ளிக் கதவைத் தாழிட்டார்.

"கம்பெனிக்குள்ள நடந்த தப்பு. விசாரிக்க எனக்கு அதிகாரம் இருக்கு. இந்தா, முதலாளி கொலைக்கு மெமோ... 'முதலாளியைக் கொன்னேன்'னு கீழே எழுதிக் கையெழுத்துப் போடு!"

"லீவு போட்டா நீங்க விசாரிங்க சார். இது கொலை! போலீசைக் கூப்பிடுங்க..."

"போலீஸ்னா லாடம் கட்டிடுவாங்கடா! நான்னா, ஏதோ ஆத்திரத்துல செஞ்சுட்டான்னு ரெண்டு வரி சேத்து எழுதுவேன். உன் பொண்டாட்டியும் இங்கதானே வேலை பாக்குறா? வயித்துப் புள்ளக்காரி வேற... யோசி!"

அவன் செய்யாத கொலை. ஆனால் அவள்?

பேனாவை எடுத்தான்.

தட்... தட்... தட்!

"போலீஸ்! கதவைத் திறங்க!"

மேனேஜருக்கு வியர்த்தது. யாரும் போன் செய்யவில்லையே!

எலக்ட்ரீஷியன் பாய்ந்து தாழை நீக்கினான். இன்ஸ்பெக்டர் அம்மாள் உள்ளே வந்தாள். மெமோவைப் பிடுங்கினாள். படித்தாள். புருவம் உயர்ந்தது.

"நம்பர், நேரம், சீல்... எல்லாம் பக்காவா இருக்கே!"

"சீல் குத்தாம ஒரு துண்டுச்சீட்டு கூட என் கையை விட்டுப் போகாது மேடம். நான் போட்ட ரூல்!" மேனேஜர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"சீல்ல நேரம் பத்தேகால்னு இருக்கு."

"இ... இருக்கட்டும்..."

"பத்து நாப்பதுக்கு உங்க முதலாளி எனக்குப் போன் பண்ணினார். 'ஆளுங்க கையெழுத்தை மேனேஜரே போட்டு ராஜினாமா தயார் பண்றான், உடனே வாங்க'ன்னார். பத்து நாப்பதுக்கு உயிரோட இருந்தவரைக் கொன்னதுக்கு, பத்தேகாலுக்கே மெமோவா?"

மேனேஜர் நாற்காலியில் சரிந்தார். மறு நொடி எகிறினார்.

"எனக்கு வக்கீல் வேணும்! கோர்ட்டுலதான் பேசுவேன்! சட்டப்படி நடத்துங்க!"

"கண்டிப்பா. இவனுக்கு நீங்க குடுக்காததெல்லாம் உங்களுக்குக் கிடைக்கும். வாக்குமூலத்துல கையெழுத்து கூடக் கட்டாயப்படுத்தி வாங்க மாட்டோம்."

எலக்ட்ரீஷியனுக்கு இப்போதுதான் மூச்சு வந்தது. கூடவே குறும்பும்.

"அவரே போட்டாலும் பாத்து வாங்குங்க மேடம்... பழக்கதோஷத்துல என் கையெழுத்தைப் போட்டுடப் போறார்!"