முள்ளுக்குள் முளைத்த குருத்துகள்

செல்லங்களா, ஒரே மூங்கில் தோப்பில் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பங்கு இருந்து, இரண்டு பேரும் பேசிக்கொள்ளாமல் இருந்தால் என்ன ஆகும்? நடுவில் அகப்பட்ட பிள்ளைக்குத் தூது போய்ப் போய்க் கால் வலிக்கும். மிளகுக்கு அப்படித்தான் வலித்தது. ஆள் சின்னவள், பேச்சு காரம். அதனால் அந்தப் பெயர்.

அவளுடைய அப்பா வளர்ந்த மூங்கிலை வெட்டி ஏணிக்கும் சாரத்துக்கும் விற்பார். சித்தப்பா மழைக்காலத்தில் முளைக்கும் குருத்தை வெட்டிச் சமையலுக்கு விற்பார். குருத்தை வெட்டினால் மூங்கில் இல்லை. விட்டால் சமையலுக்கு இல்லை. சண்டையே அதில்தான்.

அன்று காலை தோப்பின் ஓரமெல்லாம் வெட்டிய அடிக்கட்டைகள்.

"பார்த்தியா மிளகு! நல்ல தடிக் குருத்தா பார்த்து வெட்டியிருக்கான். என் ஏணியெல்லாம் ஊரார் சட்டியில வேகுது! உங்க சித்தப்பாகிட்ட போய்ச் சொல்லு."

சித்தப்பா கை நீட்டினால் தொடும் தூரத்தில்தான் நின்றார்.

"எனக்குக் காது கேக்கும்னு சொல்லு. எனக்கும் பங்கு இருக்குன்னும் சொல்லு."

அப்பாவின் முகம் கறுத்தது.

"மழை முடியட்டும். மெஷினைக் கூப்பிட்டுத் தோப்பையே வேரோட பிடுங்கிப் போடறேன். அவனுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம்."

மிளகுக்குத் தெரியும். அப்பா சொன்னால் செய்துவிடுவார்.

அவள் புதர்களைச் சுற்றிச் சுற்றி வந்தாள். உள்ளே, நெருக்கத்தில், நிறையக் குருத்துகள். நிமிர இடமில்லாமல் மெலிந்து வளைந்திருந்தன. அந்த மாதிரி வளர்ந்ததையெல்லாம் அப்பா போன வருஷம் அடுப்புக்குத்தான் போட்டார்.

"சித்தப்பா, உள்ளே இருக்கிறதை ஏன் வெட்டல?"

"முள்ளு, கண்ணு! உள்ள போனா தோலை அங்கேயே விட்டுட்டு வரணும்."

மிளகு பழைய நீலத் துணியைக் கிழித்தாள். ஓரத்தில் மிச்சமிருந்த தடிக் குருத்துகளுக்கெல்லாம் கட்டினாள். பிறகு சின்ன அரிவாளோடு முள்ளுக்குள் தவழ்ந்து போனாள்.

கூடை நிறையக் குருத்தோடு வெளியே வந்தபோது இரண்டு கையும் ரத்தக் கீறல்.

"யாருடி உன்னை உள்ள போகச் சொன்னது?" என்று கத்தினார் சித்தப்பா. சத்தம் கேட்டு அப்பாவும் ஓடி வந்தார்.

"யாரும் சொல்லல. இது சித்தப்பாவுக்கு. நீலத் துணி கட்டினது அப்பாவுக்கு. உள்ள இருக்கிறது எப்படியும் கோணிக்கிட்டு அடுப்புக்குத்தானே போகுது?"

இருவரும் அவள் கையைப் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. அப்பா அரிவாளை எடுத்து முள்கிளைகளைக் கழித்து உள்ளே போக வழி செய்தார்.

"பிள்ளைக்காக வெட்டறேன். வேற யாருக்காகவும் இல்ல," என்று மூங்கிலிடம் சொன்னார்.

மறுநாள் சித்தப்பா அந்த வழியாக உள்ளே போனார். நீலத் துணி கட்டியதை அவர் தொடவில்லை. அப்பா வெளியே முற்றிய மூங்கில் ஒன்றை வெட்டினார். அது மேலே சிக்கி, திடீரென்று உள்பக்கமாகச் சாய்ந்தது.

"டேய்! நகருடா!"

சித்தப்பா துள்ளி விலகினார். மூங்கில் தடாலென்று விழுந்தது.

"பார்த்து வெட்டக் கூடாதாண்ணே!"

உடனே இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள், ஏதோ தப்பு செய்துவிட்ட மாதிரி. ஆனால் மெஷின் பேச்சை அப்பா மறுபடி எடுக்கவே இல்லை.

மிளகு வரப்பில் உட்கார்ந்து கீறல்களை ஊதிக்கொண்டிருந்தாள். அன்று அவளை யாரும் எங்கேயும் போய்ச் சொல்லச் சொல்லவில்லை.